மில் ஹவுஸில் கேட்காத மணி

1. கைகளால் பேசிய இடம்

கரியராமன் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாகப் பேசக்கூடிய ஒருவர் மில் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது.

சர்க்கரை ஆலையை உள்ளே சென்று பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். லாரியிலும் டிராக்டரிலும் வரும் கரும்பு, இரும்புப் பட்டைகளாலான அகன்ற நகரும் தளம் ஒன்றில் விழுகிறது. அதற்குக் கேன் கேரியர் என்று பெயர். அது கரும்பைச் சீவும் கத்திகளுக்கும், நாராகக் கிழிக்கும் ஷ்ரெடருக்கும், பிறகு சாறு பிழியும் உருளைகளுக்கும் கொண்டுசெல்கிறது. இவையெல்லாம் ஒருசேர ஓடும் கூடமே மில் ஹவுஸ். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இப்போது இயங்காத ஒரு தனியார் ஆலையில், அந்தக் கூடத்தின் பொறுப்புப் பொறியாளராக நான் நெடுங்காலம் இருந்தேன். கரும்பு அரைக்கும் பருவத்தில் அங்கே பக்கத்தில் நிற்பவரின் காதோரம் கத்தினாலும் பாதிச் சொற்கள்தான் போய்ச் சேரும். ஆகவே எல்லோரும் கைகளால் பேசினார்கள்.

தண்ணீரைத் திற, குறை, நிறுத்து என்பனவற்றுக்குச் சைகைகள் இருந்தன. அதிகாரிகளுக்கும் இருந்தன. மானேஜருக்கு மீசையை முறுக்குவது. எனக்கு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. நான் படியேறும்போதே கூடத்தின் மறுகோடி வரை எல்லோருடைய விரலும் மூக்குக்குப் போவதைப் பல முறை கண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் முக்கியமான சைகை ஒன்று உண்டு. விரித்த உள்ளங்கையால் மார்பை இரண்டு முறை தட்டினால், ‘உள்ளே ஆள் இருக்கிறது, ஓட்டாதே’ என்று பொருள். இந்தச் சைகையை யாரும் விளையாட்டுக்குக்கூடப் பயன்படுத்த மாட்டார்கள்.

கரியராமனை என் அறைக்கு அழைத்து வந்தவர் ஃபோர்மேன் சிங்காரம். நைனார்பாளையத்துக்காரர், வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி.

“சார், ஃபிட்டர் வேணும்னு கேட்டா இவர அனுப்பிக்கிறாங்க. காதும் கேக்காதாம், பேச்சும் வராதாம். அதுமில்லாம மலைக்காரரு. இன்னா பண்றதுங்க?”

“ஐ.டி.ஐ. முடிச்சிருக்காரே, சிங்காரம்.”

“அதெல்லாம் முடிச்சிக்கிறாரு. சித்திர பொறந்தா தேன் எடுக்க மலையேறிட்டார்னா நா எங்க போயித் தேடறது?”

கரியராமன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் அவருடைய ஊர். பெற்றோர் சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர்கள். காது கேளாதோர் பள்ளியில் படித்து, பிறகு தொழிற்பயிற்சி முடித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் பருவத் தொழிலாளராக வந்திருந்தார். சிங்காரம் சொன்னதன் சொற்கள் அவருக்கு எட்டியிருக்காது. முகம் எட்டியிருந்தது.

மூவரும் மில் ஹவுஸுக்குள் நுழைந்தோம். மேலே கேபினில் இருந்த கேரியர் ஆபரேட்டர் ஏழுமலை, ‘யார் இது?’ என்று கையை விரித்தார். சிங்காரம், ‘புது ஆள், காது இல்லை’ என்று காட்டினார்.

கரியராமன் நின்றுவிட்டார். கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பேசியது, இலக்கணம் படித்தவர் முன்னால் குழந்தை மழலை பேசுவது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏழுமலையை நோக்கித் தாமே பதில் சொன்னார்: காது இல்லை, கண் இருக்கிறது, உன் சட்டையில் பொத்தான் மாறியிருக்கிறது.

ஏழுமலை குனிந்து பார்த்தார். ஒரு பொத்தான் மாறித்தான் இருந்தது. அந்த இரைச்சலில் சிரிப்பு யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் குலுங்கிய தோள்களைப் பார்க்க முடிந்தது.

2. தோளில் விழுந்த கைகள்

அந்தப் பருவம் முடிவதற்குள் எங்கள் சைகை மொழி பல மடங்கு வளர்ந்தது. அதுவரை வால்வையும் வேகத்தையும் பற்றி மட்டும் பேசிய கைகள், சம்பந்திச் சண்டையையும் தேர்தலையும் சினிமாவையும் பேசத் தொடங்கின. பொங்கலை ஒட்டிய வாரங்களில் கரும்பு வண்டிகள் சாலை வரை வரிசையாக நிற்கும். வெல்லப்பாகின் மணமும் சக்கையின் ஈரமும் உடம்பில் ஏறியிருக்கும். சக்கைத் தூசி மீசையில் படிந்திருக்க, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கேலி கைமாறிக் கைமாறிப் போகும். என் பணிக்காலத்தில் நான் திரும்பப் பெற விரும்பும் வாரங்கள் அவை.

என் மனைவி கமலம் எலுமிச்சைச் சோற்றை எனக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கட்டிக் கொடுப்பார். அதில் பாதி கரியராமனுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். கரியராமன் அவரை அப்போது நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பெயர் வைத்துவிட்டார். இரு விரல்களுக்கிடையே ஒரு மூடி எலுமிச்சையைப் பிழிவது போன்ற சைகை. வீட்டில் சொன்னபோது கமலம், “பரவாயில்லையே, உங்களுக்கு வெறும் கண்ணாடிதானா?” என்று கேட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மில் ஹவுஸைவிட்டு வெளியே வந்ததும் கரியராமன் மீண்டும் தனியாளாகிவிடுவார். கேன்டீனில் எல்லோரும் வாயால் பேசுவார்கள். சங்கக் கூட்டத்தில் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் கை தட்டும்போது தாமும் தட்டுவார். “மல” என்றுதான் அவரைப் பலர் அழைத்தார்கள். அவருக்குக் கேட்காது என்ற துணிச்சல் அது.

ஆனால் கேரியரில் இறங்கும்போது மட்டும் அவரை எல்லோரும் கவனித்துக்கொண்டார்கள். கேரியரில் கரும்பு சிக்கிக்கொண்டால் அதை மட்டும் நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே இறங்கிச் சிக்கலை எடுப்பார்கள். மற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மீண்டும் ஓட்டுவதற்கு முன் ஏழுமலை கேபினிலிருந்து கயிற்றை இழுத்து மணியடிப்பார். உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிட வேண்டும். கரியராமனுக்கு மணி கேட்காது என்பதால், மணி அடித்ததும் பக்கத்தில் இருப்பவர் அவர் தோளில் தட்டிவிட வேண்டும் என்பது வழக்கமாயிற்று. இதை யாரும் உத்தரவிடவில்லை. தாமாகவே செய்தார்கள். சில நாள்களில் நான்கு பேர் தட்டுவார்கள். கரியராமன் தோளைத் தடவிக்கொண்டு, ‘இன்றைக்கு அடி அதிகம்’ என்று காட்டுவார்.

3. கேரியர் நகர்ந்தது

அவருடைய மூன்றாவது பருவத்தில் ஒரு நாள் முற்பகல், டிராக்டர் பெட்டியிலிருந்து வந்த இரும்புக் கயிறு ஒன்று கரும்போடு சுற்றிக்கொண்டு கேரியரில் சிக்கியது. கரியராமனும் வேறு இருவரும் இறங்கினார்கள். கயிறு பெரும்பாலும் வந்துவிட்டது. மிச்சமிருந்த முறுக்கை அறுப்பதற்காகக் கரியராமன் கரும்புக்கு அடியில் குனிந்திருந்தார். மற்ற இருவரும் வெளியே வந்தார்கள். ஏழுமலைக்கு மேலிருந்து பார்க்கும்போது கேரியரில் கரும்பு மட்டுமே தெரிந்தது. மணியடித்தார், ஸ்டார்ட்டர் கைப்பிடியை ஏற்றினார்.

கேரியர் ஒரு முழம்தான் நகர்ந்திருக்கும். வெளியே வந்த இருவரும் ஒரே நேரத்தில் மார்பில் அறைந்துகொண்டதை ஏழுமலை பார்த்துவிட்டார். உடனே நிறுத்தினார். கரியராமனின் இடது பாதம் இரண்டு பட்டைகளுக்கிடையே மாட்டியிருந்தது. எலும்பு முறிந்ததோடு போயிற்று.

பிற்பகலில் என் அறையில் விசாரணை. விசாரித்தவர் மானேஜர். கொடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது, விபத்துக்கு அஞ்சியவர்.

“தோள்ல தட்டற வழக்கம்னு சொல்றீங்களே, இன்னிக்கு ஏன் தட்டலை?”

“இவரு தட்டியிருப்பாருன்னு நெனச்சேங்க,” என்றார் ஒருவர்.

“அவரு பின்னால வந்துக்கினு இருந்தாருங்க. அவரு தட்டியிருப்பாருன்னு நானு,” என்றார் மற்றவர்.

இருவரும் அவர்மீது அன்புள்ளவர்கள். மருத்துவமனையில் கரியராமனுக்கு முறைவைத்துத் துணையிருக்க அன்றே பெயர் கொடுத்தவர்களும் அவர்கள்தான். எல்லோரும் செய்யும் அந்த உதவி, அன்றைக்கு இன்னாருடைய பொறுப்பு என்று மட்டும் இருக்கவில்லை.

மானேஜர் முடிவைச் சொன்னார்: “கால் சரியானதும் தோட்ட வேலைக்குப் போடுங்க. சீசன் முடிஞ்சதும் கணக்கை முடிச்சு அனுப்பிடலாம். மெஷின் பக்கம் இனிமே இந்த மாதிரி ஆளுங்களை எடுக்க வேண்டாம்னு மேலே சொல்லிடறேன். மணி அடிச்சா கேக்கணும் சார். அது அடிப்படைத் தகுதி.”

கரியராமனின் தொழில் அந்த வாக்கியத்தோடு முடிந்தது. அவருக்குப் பின்னால் வரக்கூடியவர்களுக்கும் கதவு அடைபட்டது. அந்த வாக்கியத்தில் பிழை இருப்பதாக அப்போது அறையில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை.

4. ஒரு கேள்வி

மறுநாள் சிங்காரத்துடன் கள்ளக்குறிச்சிக்குச் சென்று மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மாவுக்கட்டுப் போட்ட காலை உயர்த்தி வைத்திருந்தார். மாறிய பொத்தானைக் காட்டி, ‘சாப்பிட்டாரா?’ என்று முதலில் கேட்டார். அது ஏழுமலையின் பெயர். ஏழுமலை முதல் நாளிலிருந்து சாப்பிடாமல் இருந்தார். சிங்காரம் ‘சாப்பிட்டார்’ என்று காட்டினார்.

பிறகு, மேலே கயிற்றை இழுப்பது போலச் செய்து, காதைத் தொட்டு, கையை விரித்தார்.

“இன்னா கேக்கறாரு சார்?”

“மணிச் சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கறார்.”

சிங்காரத்துக்கு வாய்ச்சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. இரு கைகளையும் தூக்கினார். கோயில் மணி ஆடுவது போல ஒரு முறை ஆட்டினார். அது சரியில்லை என்று அவருக்கே பட்டது. “கணீர்னு… இல்ல, கணகணன்னு…” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். கைகளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், அது எப்பிடி இருக்கும்?”

“மில் ஓடாதப்ப ஒரு தடவை கேட்டிருக்கேன். ஓடும்போது நீங்க கேட்டிருக்கீங்களா, சிங்காரம்?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இல்லீங்க,” என்றார். “இம்மா வருசமா நா அந்த மணியக் கேட்டதே இல்லீங்க. ஏழுமல கை கயித்துக்குப் போவும். அத ஒருத்தன் பாப்பான், அடுத்தவன இடிப்பான், அவன் அதுக்கடுத்தவன இடிப்பான். அப்பிடியே வெளிய வந்துடுவோம்.” கரியராமனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப நாங்களும் இவருதானுங்களா?” என்றார்.

5. மானேஜர் கேரியரில் இறங்கினார்

மானேஜரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “மணி கேக்கலைன்னா இத்தனை வருஷம் ஆலை எப்படி ஓடிச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு முறை கேரியரில் நின்று பார்க்குமாறு வேண்டிக்கொண்டேன். கேரியர் நகராதபடி அதன் மோட்டாரின் ஃபியூஸ்களை என் கையால் கழற்றி, அவருக்குக் காட்டி, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஷ்ரெடரும் உருளைகளும் ஓடிக்கொண்டிருந்தன.

வெள்ளைச் சட்டையோடு அவர் இறங்கி, கேபினுக்கு முதுகைக் காட்டி நின்றார். மில் ஹவுஸில் கை ஓய்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை கயிற்றை இழுத்தார். மானேஜர் அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். மானேஜர் தலையில் சக்கைத் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை ஏழுமலை எழுந்து நின்று, உடல் பாரத்தையெல்லாம் போட்டு இழுப்பது தெரிந்தது. மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி, ‘எப்போது அடிக்கப் போகிறாய்?’ என்ற பாவனையில் கையை ஆட்டினார். அவர் மில் ஹவுஸில் பேசிய முதல் சைகை அது.

என் அறைக்குத் திரும்பியதும் ஏழுமலையைக் கூப்பிட்டு, “ஏன்யா அடிக்கவே இல்லை?” என்றார்.

“மூணு தபா அடிச்சேங்க. மூணாந்தபா கயிறே அத்துக்கிச்சி.” அறுந்த துண்டு அவர் கையிலேயே இருந்தது.

மானேஜர் மேஜைமேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. “சரி. மணி யாருக்கும் கேக்காது. அதுக்கு என்ன பண்ணணும்ங்கறீங்க?”

தொழிலாளர் ஒவ்வொருவரும் ஆலைக்குள் நுழையும்போது டைம் ஆபீஸில் தமக்குரிய பித்தளை டோக்கனை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகும்போது திரும்ப வைத்துவிடுவார்கள். கேரியரில் இறங்குபவர் எவராயினும் அந்த டோக்கனை முதலில் ஸ்டார்ட்டர் கைப்பிடியின் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். டோக்கன் தொங்கும்வரை கைப்பிடி ஏறாதவாறு கொக்கியை அமைத்துவிடலாம். வெளியே வந்தபின் அவரவர் டோக்கனை அவரவர்தான் எடுக்க வேண்டும். இதை விளக்கினேன். இது புதிய கண்டுபிடிப்பன்று. பொறியியல் நூல்களில் உள்ள முறைதான்.

“நல்ல யோசனை. அந்தப் பையனுக்கு இதைப் பண்ணிடுங்க.”

“அவருக்கு மட்டும்னா வேண்டாம் சார். இறங்கற எல்லோரும் மாட்டணும்.”

“காது கேக்கறவங்களுக்கு எதுக்கு?”

பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே அது விளங்கிவிட்டது. தலைமுடியிலிருந்து சக்கைத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

“நான் இறங்கினா?” என்றார் பிறகு. “ஆபீசர்களுக்கு டோக்கன் கிடையாதே.”

“உங்களுக்கும் ஒண்ணு அடிச்சிடலாங்க,” என்றார் வாசலில் நின்றிருந்த சிங்காரம். “கடசி நெம்பர் கரியராமனுது. அதுக்கு அடுத்ததுதான் காலியா இருக்குது.”

தோட்ட வேலை பற்றியோ கணக்கை முடிப்பது பற்றியோ மானேஜர் அதன்பின் பேசவில்லை. மேலிடத்துக்குச் சொல்வதாக இருந்ததையும் சொல்லவில்லை. பங்குனியில் கரியராமன் சற்றே காலை இழுத்தபடி மில் ஹவுஸுக்குத் திரும்பினார். கொக்கியைப் பார்த்தார். அவருடைய டோக்கனும் மானேஜரின் டோக்கனும் அடுத்தடுத்த எண்கள் என்று சிங்காரம் காட்டியபோது, மீசையை முறுக்கி, தம் தோளைத் தட்டி, ‘தம்பி’ என்று காட்டினார். யாரும் அவர் தோளில் அதன்பின் தட்டவில்லை, வேறு காரணம் இருந்தாலன்றி.

6. எலுமிச்சை

அண்மையில் ஒரு நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள், பணியிடத்தில் பன்முகத்தன்மையும் அனைவரையும் உள்ளடக்குதலும் பற்றி எழுதித் தருமாறு கேட்டார்கள். எங்கள் காலத்தில் இந்தச் சொற்கள் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

புதிதாக வருபவர் ஒருவருக்காக நீங்கள் இரக்கப்பட்டுச் செய்வது, நீங்கள் மறக்கும் நாளில் அவரைக் கைவிட்டுவிடும். அவரை உத்தேசித்துச் செய்யும் ஏற்பாட்டை எல்லோருக்குமாகச் செய்யுங்கள். அவர் வருவதற்கு முன்பே உங்கள் மணி யாருக்கும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அது ஆலையில் கற்றதன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கமலத்துக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் குரல் இல்லை. பேச்சில் விருப்பமுள்ளவர் அவர். கரியராமன் இப்போது வேறோர் ஆலையில் மூத்த ஃபிட்டர், கச்சிராயபாளையத்தில் குடியிருக்கிறார். செய்தி தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கமலத்தைப் பார்த்ததும் விரல்களுக்கிடையே எலுமிச்சை பிழிந்து காட்டினார். அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். சில மாதங்களில் இருவரும் நான் பின்தொடர முடியாத வேகத்தில் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக் கூடத்தில் மொழி தெரியாதவன் நான் ஒருவன்தான். இடையிடையே விரல் மூக்குக்குப் போவதிலிருந்து பேச்சு என்னைப் பற்றியது என்பது மட்டும் தெரிந்தது.

கமலத்தைக் கடைசி முறை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னிடம் கேட்டார்: “பேஷன்டுக்கு வலி எப்படி இருக்கு சார்? சாப்பிடறாங்களா?”

கமலத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் கையை எடுத்தார். உள்ளங்கையை விரித்து மார்பில் இரண்டு முறை தட்டினார். அதை அவருக்கு நான் கற்றுக்கொடுத்ததில்லை.

“என்ன சொல்றாங்க?” என்றார் மருத்துவர்.

“உள்ளே ஆள் இருக்காங்களாம் டாக்டர். அவங்களையே கேளுங்க.”

அந்த மருத்துவர் நல்லவர். நாற்காலியை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்து, கமலத்தின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அதன்பின் ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தார்.

கமலம் சென்ற தை மாதம் காலமானார். வீட்டில் கூட்டமாக இருந்தது. வந்தவர்கள் ஆறுதலாகப் பலவும் சொன்னார்கள். நான் தலையை அசைத்துக்கொண்டிருந்தேன். கரியராமன் வந்து கமலத்தின் அருகில் சிறிது நேரம் நின்றார். பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார். புருவத்தை உயர்த்தி, உள்ளங்கையால் தம் மார்பை இரண்டு முறை தட்டி, என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

அவர் கேட்டது விளங்கியது. பதில் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நான் கையை எடுத்து என் மார்பில் வைத்து, இரண்டு முறை தட்டினேன்.